குறை திருப்புளியில்தான்

ஜூன் 12, புதன்

தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த துப்பாக்கி இன்று திரும்பக் கிடைத்தது. மார்ச்சில் கொடுத்தது. தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுப் போட வருகிறவர்களை நான் சுட்டுவிடுவேனாம். எழுபத்திரண்டு வயதில் அந்த ஆசை ஒன்றுதான் பாக்கி.

எழுத்தர் மேசைமேல் வைத்தபோதே உறை ஈரமாக இருந்தது. “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டார். திறந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

“பின்னால எத்தன பேர் நிக்கிறாங்க பாருங்கம்மா. உங்க துப்பாக்கிய இங்க யாரு திங்கப்போறா?”

போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து திறந்தால் குழலின் மேலெல்லாம் செம்பொடி. அதைத் துடைத்துவிடலாம். இரட்டைக்குழலுக்கு இரண்டு குதிரை. பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிமிர்த்தி வைத்தால்தான் வேட்டு. வலது குதிரை டக்கென்று நிமிர்கிறது. இடது குதிரை பாதியில் நிற்கிறது. உள்ளே துரு ஏறிவிட்டது.

ஜூலைக் கடைசிக்குள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் துப்பாக்கியை நிலையத்தில் காட்ட வேண்டும். வேலை செய்யாத துப்பாக்கி கிழவிக்கு எதற்கு என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. மருத்துவர் சான்று ஒன்றும் வேண்டுமாம். அது பிறகு.

தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றியை நான் சுடுகிறவள் இல்லை. வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு வேட்டு இல்லையென்றால் சவ்சவ் பந்தலும் வாழையும் ஒரு வாரம் தாங்காது. துப்பாக்கி போனால் தோட்டம் போகும். தோட்டம் போனால் மகள் இந்துராணி என்னைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் நான்காவது மாடியில் உட்கார வைத்துவிடுவாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

ஜூன் 15, சனி

காலையில் மிளகுக் கொடி கட்டும் வேலை. சின்னப்பொண்ணுவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கூலி கூட்டித் தர வேண்டும் என்று ஆரம்பித்தாள். பெரும்பள்ளத்துத் தோட்டத்தில் தருகிறார்களாம். அங்கேயே போ என்றேன். போகவில்லை.

மதியத்துக்கு மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பக்கத் தகட்டைக் கழற்றினால்தான் குதிரையின் வேருக்கு எண்ணெய் விட முடியும். என் கணவர் இருந்த காலத்திலேயே பம்புசெட்டையும் காப்பிப்பழ மெசினையும் நான்தான் கழற்றி மாட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை. எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

அவருடைய பெட்டியில் மஞ்சள் கைப்பிடித் திருப்புளி ஒன்று உண்டு. அதை வைத்துத் திருகினேன். நுனி எகிறிவிட்டது. திருகாணித் தலையின் வெட்டு ஒரு பக்கம் பிய்ந்து, தகட்டில் செதுக்கியிருந்த காட்டுக்கோழியின் கழுத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

பிய்ந்த திருகாணியைப் பார்த்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று எவனுக்கும் தெரியும். என்ன மாற்றினாய், எதற்கு மாற்றினாய் என்று கேட்பான்.

குறை திருப்புளியில்தான். நுனி மெலிந்து மேலே போகப்போக ஆப்பு மாதிரி தடிக்கிறது. துப்பாக்கித் திருகாணியின் வெட்டோ மெல்லியது, ஆழமானது, இரண்டு சுவரும் நேராக இறங்குகிறது. ஆப்பு அதன் வாயிலேயே நின்றுவிடும், அடிக்குப் போகாது. அழுத்தித் திருகினால் வெளியே எகிறாமல் என்ன செய்யும்?

இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போது தவமணி வந்துவிட்டார். என் கணவரின் தம்பி, மேல்தோட்டம் அவருடையது. ஒற்றைக்குழல் வைத்திருக்கிறார். என் மாமனார் இரட்டைக்குழலை மூத்தவருக்குக் கொடுத்தார் என்ற பொருமல் இவருக்கு இன்னும் அடங்கவில்லை. என் கணவர் இறந்ததும், பொம்பளை பேரில் உரிமம் வேண்டாம் என்று அதிகாரியிடம் போய்ச் சொன்னவரும் இவர்தான். நான் சாக்கை இழுத்து மூடினேன்.

“என்ன மதினி, சாக்குக்குள்ள பிள்ளையா தூங்குது?”

“ஆமா. சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கிரும்.”

அவர் போன பிறகு மஞ்சள் கைப்பிடியைக் கிணற்றில் எறிந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

காப்பி கொட்டிவிட்டது. இந்தப் புது டம்ளருக்கு விளிம்பு சரியில்லை.

ஜூன் 19, புதன்

இந்து போன் செய்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்சு. ஆகவே உலகத்தில் எல்லாருமே அவளுக்கு நோயாளி. துப்பாக்கியை மதுரையில் ரிப்பேர் கடைக்குக் கொடுத்தால் என்ன என்றாள். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் காலத்தில் ஒருமுறை கொடுத்து, அடுத்த மழைக்காலம் வரை வரவில்லை. வந்தபோது ஒரு திருகாணி வேறு யாருடையதோ.

“அப்ப ஒப்படச்சிட்டு இங்க வந்துரும்மா. யாருக்காக அங்கன காவல் காக்குற?”

“சிக்னல் இல்ல, வைக்கிறேன்” என்றேன். சிக்னல் இருந்தது.

ஜூன் 22, சனி

வத்தலக்குண்டுக்குப் போனேன். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியாது. ஆனால் திருகாணியின் வெட்டு எத்தனை அகலம், எத்தனை தடிப்பு என்று கடைக்காரருக்குக் காட்டியாக வேண்டும். கண்ணளவு போதாது. ஒரு குளியல் சோப்பைத் துண்டு போட்டு ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் அழுத்தி அச்சு எடுத்தேன். சோப்பு இளகலாக இருந்ததால் ஓர் அச்சு இரண்டாகப் பதிந்துவிட்டது. மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறை சரியாக வந்தது.

ராவுத்தர் இரும்புக் கடையில் எப்போதும் கூட்டம். சோப்புத் துண்டுகளைப் பரப்பியதும் அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா, சோப்புல அச்சு எடுத்துக்கிட்டு வர்றவங்க சாவி செய்யத்தான் வருவாங்க. யாரு வீட்டுப் பூட்டு?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“உங்க வீட்டுப் பூட்டுதான் ராவுத்தரே. ராத்திரி வந்து அல்வாவத் திங்கலாம்னு இருக்கேன்.”

“அல்வாவா? சக்கரை வியாதின்னு சொல்லி வீட்டுக்காரி எனக்கே தரமாட்டேங்கிறா. இருந்தா எனக்கும் ரெண்டு துண்டு எடுத்துட்டு வாங்க.”

துப்பாக்கிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தையல் மெசினுக்கு என்றேன். பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு செட்டு எடுத்துப் போட்டார். ஒரே கைப்பிடி, மாற்றி மாற்றிச் செருக முப்பதுக்கு மேல் நுனிகள், பளபளவென்று. காந்தம் வேறு. ஒரு சாப்பாட்டு விலைதான்.

பணத்தை எடுக்கும்போது, “கை நடுங்குதேம்மா, டீ சொல்லவா?” என்றார். பஸ் அப்படி ஆடியது, கொண்டை ஊசி வளைவு எல்லாம் குழி. டீ வேண்டாம் என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

முப்பது நுனியில் இருபது நட்சத்திரமும் அறுகோணமும். எனக்குத் தேவையான தட்டை நுனி நான்குதான். அதிலும் மெல்லியதை வெட்டில் வைத்து லேசாகத் திருகினேன். திருகாணி அசையவில்லை, நுனி முறுக்கிக்கொண்டது. சாமி சத்தியமாக முறுக்கு மாதிரி. இரும்பு இல்லை, ஈயத்துக்கு அக்காள் மகள்.

மழை பிடித்துக்கொண்டது. மழையில் துரு ஒவ்வொரு நாளும் உள்ளே போகும். படுத்தால் அந்தச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

மறுபடி ராவுத்தர் கடை. முறுக்கிய நுனியை மேசைமேல் வைத்தேன்.

“தையல் மெசின்ல இவ்வளவு முறுக்கு ஏதும்மா?”

இனி மறைத்துப் பயனில்லை. துப்பாக்கி என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“மொதல்லயே சொல்லலாம்ல! அதுக்குன்னே வெளிநாட்டுச் செட்டு இருக்கு. நுனி ரெண்டு பக்கமும் நேரா இருக்கும். வரவழச்சுத் தரவா?” என்று விலையைச் சொன்னார். அதில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்.

“கன்னுக்குட்டியாவது பெருசானா பாலு குடுக்கும். வேற காட்டுங்க.”

கடையில் இருந்த எல்லாவற்றையும் இறக்க வைத்தேன். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும். இந்த முறை திறந்து பார்க்காமல் வாங்குவதில்லை. நட்சத்திர நுனிகளை எண்ணிக்கைக்காகச் சேர்த்திருந்த பெட்டிகளை ஒதுக்கினேன். எனக்கு வேண்டியது தட்டை, அதுவும் பல அகலத்தில். வெட்டின் நீளத்தைவிட நுனி அகலமாக இருந்தால் தகட்டைக் கீறும், குறைவாக இருந்தால் வெட்டைப் பிய்க்கும். அடுத்து இரும்பு. ராவுத்தரிடம் ஒரு பழைய அரத்தை வாங்கி ஒவ்வொன்றின் ஓரத்திலும் இழுத்தேன். அரம் கடித்தால் அது களிமண். வழுக்கினால் நல்ல எஃகு.

“விலைக்கு வாங்காத பொருள அரத்தால ராவுறீங்களே, இது எந்த ஊரு ஞாயம்?”

“ஈயத்த இரும்புன்னு வித்த ஊரு ஞாயம்.”

அரம் வழுக்கிய செட்டு ஒன்று கிடைத்தது. மரக் கைப்பிடி, ஏழு தட்டை நுனிகள். விலையும் கட்டுபடியாகிறது. ஆனால் நுனிகள் இதிலும் ஆப்பு மாதிரிதான். பரவாயில்லை. நல்ல எஃகாக இருந்தால் ஆப்பை நானே நேராக்கிக்கொள்வேன். பழைய செட்டை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். முறுக்கிய நுனியை மட்டும் நான் கொடுக்கவில்லை. சாட்சி.

ஜூலை 1, திங்கள்

எண்ணெய்க் கல்லில் நுனியைத் தேய்க்கிறேன். சாணைச் சக்கரத்தில் பிடித்தால் ஒரு நிமிட வேலை, ஆனால் சூடேறி எஃகு நீலம் பாய்ந்துவிடும். பிறகு அதுவும் ஈயம்தான். ஆகவே கையால்தான். நாலு இழுப்பு, சோப்பு அச்சில் வைத்துப் பார்ப்பது, திருப்பிப் பிடித்து நாலு இழுப்பு.

கரண்டு இல்லை. எழுத்து கோணலாக விழுகிறது. பேனா சரியில்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்று திறந்துவிட்டேன்.

முதலில் பிய்ந்த திருகாணி. மேலே எழும்பி நின்ற விளிம்பைச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி உள்ளே அமர்த்தினேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். பிறகு தேய்த்த நுனியை இறக்கினேன். அது அடிவரை போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கமும் இடமில்லை, அந்தப் பக்கமும் இடமில்லை. கையை எடுத்தாலும் திருப்புளி நட்டுவைத்த மாதிரி நின்றது. உள்ளங்கையால் அழுத்தி ஒரே திருப்பு. நற் என்று ஒரு சத்தம், திருகாணி வழிவிட்டது.

சரியாகப் பொருந்திவிட்டால் கை ஆடினாலும் நுனி ஆடாது. (யார் கையானாலும் சொல்கிறேன்.)

உள்ளே துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே மாட்டினேன். இடது குதிரை இப்போது வலது குதிரையைவிட நன்றாக நிமிர்கிறது. இந்தத் துப்பாக்கியில் இனி ஒரு குறையும் கிடையாது. எந்த அதிகாரி வேண்டுமானாலும் வரட்டும்.

ஜூலை 6, சனி

திருப்புளிச் செட்டுக்குத் துணியில் உறை தைத்தேன். ஊசிக்குச் சின்னப்பொண்ணு நூல் கோத்துக் கொடுத்தாள். இப்போதெல்லாம் ஊசிக்குக் காது சிறியதாகப் போடுகிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

இந்து வந்தாள். வந்ததும் பார்க்காத மாதிரி பார்த்தாள். நான் சாம்பார் ஊற்றும்போது கரண்டியையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளாம்மா இது?”

“எது?”

“சரி. டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டியா?”

“வாங்குவேன்.”

“எப்படி வாங்குவ? கைய நீட்டுன்னு சொல்லுவாங்க.”

நான் எழுந்து மோர் எடுக்கப் போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. எங்கள் டாக்டரிடம் சொன்னால் உன்னைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தருவார், ஆனால் அதற்குப் பதில் ஒருநாள் வந்து என்னிடம் கையைக் காட்ட வேண்டும் என்றாள். பேரம். என் வயிற்றில் பிறந்தது.

“சரி, அந்தச் சான்றக் கொண்டா. மத்ததப் பிறகு பாக்கலாம்.”

போகும்போது கேட்டில் நின்று அழுதாள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

ஜூலை 20, சனி

விடிந்துகொண்டிருந்தது. சவ்சவ் பந்தலுக்குக் கீழே உறுமல். தாய்ப்பன்றி ஒன்றும் குட்டிகளும். இடது குழலில் ஒரு தோட்டா போட்டேன். சரிசெய்த குழலைத்தானே சோதிக்க வேண்டும். குதிரையை நிமிர்த்தினேன், அருமையாக நிமிர்ந்தது. குழலை வானத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது.

வானத்தில் இல்லை. கீழே இருந்த பலாமரத்தில். பட்டை தெறித்தது. பன்றிகள் ஓடின. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குடம் உருண்டு வந்தது.

சின்னப்பொண்ணு ஊற்றுத் தண்ணீருக்கு வந்திருக்கிறாள்.

நான் எப்படி இறங்கிப் போனேன் என்று தெரியவில்லை. அவள் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பலாப்பட்டைத் தூள். தலையிலிருந்து கால் வரை தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

“ஏன் ஆத்தா, கூலி கூட்டிக் கேட்டதுக்கா சுட்டீங்க?”

சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

விசை இளகிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை. அழுத்தினால்தான் விழுகிறது. பக்கத் தகட்டைத் திறந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தேன். எங்கும் தேய்மானம் இல்லை, தளர்ச்சி இல்லை. தோட்டா புதியது. தரை வழுக்கவில்லை. வெளிச்சம் போதுமான அளவு இருந்தது.

துப்பாக்கியில் குறையில்லை. திருப்புளியிலும் குறையில்லை. இரண்டையும் சரிசெய்தவள் நான். அதில் குறை என்று எழுதினால் அது பொய்.

அப்படியானால் வேறு எதில் என்று எழுத வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

இந்து அந்தச் சான்றைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். என்னைப் பார்க்காத ஒருவர் என் கைகள் திடமாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். “பெற்றுக்கொண்டேன்” என்று நான் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. சான்றை அடுப்பில் வைத்தேன்.

பிறகு மேல்தோட்டத்துக்கு நடந்தேன். ஒன்பது வருடமாக அந்த வாசலை மிதித்ததில்லை. தவமணி காப்பிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“என்ன மதினி, யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. உங்க உரிமத்துல இன்னொரு துப்பாக்கிக்கு இடமிருக்கா?”

பலாமரத்துச் செய்தி அவர் காதுக்கு வந்திருக்கும். மலையில் எது வராது? சொல்லிக்காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

“அண்ணன் துப்பாக்கி மதினி. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிக்காம நான் எதையும் சொல்றதில்ல. ஆனா என் பந்தல்ல பன்னி எறங்குனா நான் தகரத்தத் தட்டுவேன். உடனே வரணும். உங்க தோட்டத்துக்கு அப்புறம்னு சொல்லக்கூடாது.”

“வர்றேன்.”

“மழைக்காலமானாலும்.”

“வர்றேன் மதினி. நீங்க தகரத்தத் தட்டுற தட்டுல பன்னியே ஓடிரும்.”

இனித் தோட்டம் போகாது. நான்காவது மாடியும் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

தவமணியோடு காவல் நிலையம். பெயர் மாற்ற மனுக் கொடுத்தோம். உத்தரவு வரும் வரை துப்பாக்கி அங்கேதான் இருக்க வேண்டுமாம். எழுத்தர் எண்ணை மட்டும் பார்த்தார். “நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது” என்று எழுத ஆரம்பித்தார்.

“தெறந்து பாத்துட்டு எழுதுங்க.”

“பின்னால ஆளு நிக்கிறாங்கம்மா.”

“நிக்கட்டும்.”

குழல்களைப் பார்க்க வைத்தேன். இரண்டு குதிரைகளையும் அவர் கையாலேயே நிமிர்த்தி இறக்க வைத்தேன். எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி, தரையில் வைக்கக் கூடாது, சுவரோடு சாய்க்கக் கூடாது என்றேன். நான் இவ்வளவு நாள் பயந்து செத்த அந்தத் திருகாணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தவமணிதான் பார்த்தார். வெளியே வந்ததும், “இடது பக்கம் ஒரு ஸ்க்ரூ வாய் பிஞ்சிருக்கே மதினி?” என்றார்.

“பழைய திருப்புளி. கெணத்துல போட்டுட்டு புதுச் செட்டு வாங்கிட்டேன்.”

“அப்ப அந்தப் புதுச் செட்டக் குடுத்துருங்க. துப்பாக்கியோட அதுவும் இருக்கட்டும்.”

“தரமாட்டேன்.”

“பின்ன தெறக்கணும்னா?”

“எடுத்துக்கிட்டு வாங்க. நான் தெறந்து குடுப்பேன். நீங்க தொட்டா மிச்சமிருக்கிறதும் பிஞ்சிரும்.”

பஸ் வரும் வரை சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அண்ணனுக்கும் இதே சிரிப்புத்தான்.

சாயங்காலம் சின்னப்பொண்ணுவிடம் பெரும்பள்ளத்துக் கூலியே தருகிறேன் என்றேன். “இன்னும் ஒரு தடவ சுட்டா இன்னும் கூடுமா ஆத்தா?” என்கிறாள்.

இந்துவுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், கையைக் காட்ட வேண்டும் என்றேன்.

“எந்தக் கைம்மா?” என்றாள்.

வலது கை என்றேன்.